எட்டுப் பாட்டிலும் இரண்டு சுரம் அதிகம்

முதலாளியின் அறைச் சுவரில் பொம்மைத் தயாரிப்பாளர் சங்கம் கொடுத்த பதினொரு கேடயங்கள் தொங்கின. பன்னிரண்டாவதற்கு ஆணி மட்டும் பளபளவென்று அடித்து வைத்திருந்தார். பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் வைத்துவிட்டு, யாருக்குப் பிறக்கும் என்று அப்புறம் யோசிக்கிற மனிதர் என்று நான் உடனே முடிவு கட்டினேன்.

என் முடிவுகளை யாரும் கேட்பதில்லை. துப்பறிவாளன் என் மனைவியின் தம்பி. என்னைவிட ஒன்பது வயது சின்னவன். வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த என்னை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டதே அவனுடைய அக்காவின் உத்தரவுக்காகத்தான். "மாமா, வாங்க, உக்காருங்க" என்று மரியாதைக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான். ஆனால் பையைத் தூக்குவது நான்.

மேஜை மேல் இரண்டு பொம்மைகள் இருந்தன. இடது பக்கம் இந்த முதலாளியின் 'குட்டிக் கச்சேரி'. இன்னும் கடைக்குப் போகவில்லை. வலது பக்கம் போட்டிக் கம்பெனியின் 'சுட்டிக் கச்சேரி'. ஒன்பது நாளாகக் கடை கடையாகக் கத்திக்கொண்டிருக்கிறது. இரண்டுமே சின்னப் பிள்ளைகள் வாசிக்கப் பழகும் எலக்ட்ரானிக் பெட்டிகள். இரண்டிலும் எட்டு கட்டை, எட்டு நிறம், ஒவ்வொரு கட்டையிலும் ஒரு சுரத்தின் எழுத்து. பாட்டைத் தேர்ந்தெடுத்தால் எந்தக் கட்டையை அமுக்க வேண்டுமோ அதில் விளக்கு எரியும். கடைசிவரை அமுக்கிவிட்டால் பெட்டியே கைதட்டும்.

"என்ன வித்தியாசம் தெரியுது?" என்றார் முதலாளி.

"கு-வுக்குப் பதிலா சு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்படியே காப்பி. எங்க டிசைனரம்மாதான் குடுத்திருக்கா. வேற யாருக்குத் தெரியும்? அஞ்சு மணிக்கு எங்க அக்கா வருவாங்க. கம்பெனியில பாதி அவங்களோடது. வெளி ஆள் விசாரிச்சுச் சொன்னாத்தான் வேலைய விட்டு அனுப்பலாம்னு பிடிவாதம். வேலைநீக்க உத்தரவு மேஜையில ரெடியா இருக்கு. நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுத்தாப் போதும்."

பேச்சுக்கு நடுவே குமாஸ்தா நான்கு காகிதங்களை நீட்டினார். முதலாளி அவற்றின் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒவ்வொன்றின் அடியிலும் எதையோ கிறுக்கித் தள்ளினார். மேஜை ஓரத்தில் புதுப் பொம்மைக்கான அட்டைப் பெட்டியின் அச்சு மாதிரி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் முழங்கையை ஊன்றியிருந்தார்.

"எங்களை எப்படித் தேடிப் பிடிச்சீங்க?" என்று கேட்டான் மச்சினன்.

"நாலு பேர்கிட்ட நல்லா விசாரிச்சேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் கடைசி வழக்கு காணாமல் போன பூனை. மூன்று வாரம் ஊரெல்லாம் தேடினோம். அது வழக்குக் கொடுத்தவர் வீட்டுப் பரண் மேல் இருந்தது. அதையும் மீறி நல்ல பெயர் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

டிசைன் அறை மாடியில். உள்ளே போனதும் உருகிய ஈயத்தின் வாடை. செருப்புப் பெட்டியில் ஒரு ரூபாய் அளவு ஸ்பீக்கர்கள். சுவரில் பெரிய வெள்ளைத் தாளில் சின்னச் சின்னக் கைகளைப் பென்சிலால் சுற்றி வரைந்து, பக்கத்திலேயே விரல் அளவு எழுதியிருந்தது. எந்தக் கை எவ்வளவு அகலக் கட்டையை அமுக்கும் என்ற கணக்கு. சால்டரிங் கருவியின் பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுற்றி வைத்திருந்தார்கள். திருடியின் கையில் சூடான பொருள் கூடாது என்று முதலாளியின் உத்தரவாம்.

டிசைனரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு மேல் தூக்கி விட்டிருந்தார். "நீங்கதான் என்னைத் திருடின்னு எழுத வந்தவங்களா?"

"இன்னும் எழுதலைம்மா. பேனா தேடிட்டு இருக்கோம்" என்றேன்.

"சீக்கிரம் தேடுங்க. இந்தத் தொழில்ல இருக்கறது மொத்தம் ஆறு கம்பெனி. ஒருத்தன் திருடின்னு அனுப்பினா மத்த அஞ்சுலயும் வாசல்ல நிக்கிற ஆளே உள்ள விடமாட்டான். பதினாறு வருஷம் இதே வேலை. எனக்கு வேற எதுவும் தெரியாது."

அவர் குரல் நடுங்கவில்லை. சிரிப்புக் காட்ட வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன்.

"இந்தப் பெட்டியில அப்படி என்ன புதுசும்மா?" என்று கேட்டான் மச்சினன்.

"மத்த பொம்மையெல்லாம் பாட்டை ஆரம்பிச்சா பிள்ளைய விட்டுட்டு ஓடிடும். பிள்ளை ஒரு கட்டையத் தேடறதுக்குள்ள பாட்டு அடுத்த தெருவுல இருக்கும். பிள்ளை தூக்கிப் போட்டுட்டு அழும். இது ஓடாது. விளக்கு எரிஞ்ச கட்டையப் பிள்ளை அமுக்கற வரைக்கும் நிக்கும். கால் மணி நேரம் ஆனாலும் நிக்கும். அப்புறம் கை முழுசா வச்சு நாலு கட்டைய ஒண்ணா அமுக்கினாலும் விளக்கு எரியற கட்டை மட்டும்தான் பேசும். இது ரெண்டுக்கும் ஒம்போது மாசம் பிள்ளைங்க பக்கத்துல தரையில உக்காந்திருக்கேன்."

"பாட்டு?"

"எட்டும் நான் போட்டது. அஞ்சு வயசுக் கைக்கு எட்டற பாட்டு."

மச்சினனுக்கு இசை என்றால் எல்லாமே டொய்ங். கதவு கிறீச்சிட்டால்கூட யாரோ பாடுகிறார்கள் என்று நின்று கேட்பவன். ஆகவே அவன் கேட்காமல் பார்த்தான். டிசைனரம்மா முதலில் தன் பெட்டியில் முதல் பாட்டை வாசித்தார். பிறகு கடையில் வாங்கி வைத்திருந்த சுட்டிக் கச்சேரியில், அந்தத் திருட்டுப் பெட்டியில், வாசித்தார்.

"ஒரே டொய்ங்" என்றான்.

"இல்ல சார். கடைசியக் கவனிங்க. என் பாட்டு ம, க, ரி, ச-ன்னு இறங்கி ச-ல நின்னுடும். வெளிய போன பிள்ளை வீட்டுக்குள்ள வந்து கதவைச் சாத்தின மாதிரி. இவன் வீட்டுக்கு வந்துட்டு, திரும்பவும் ச, ரி-ன்னு வாசல்ல போய் நிக்கிறான். பிள்ளை அந்த ரெண்டையும் அமுக்கினாத்தான் கைதட்டு வரும். இதை முதல் நாளே முதலாளிகிட்ட சொன்னேன். திருடினதை மறைக்க அவன் மாத்திட்டான்னு சொல்லிட்டார்."

"மறைக்கிறவன் எங்கயாச்சும் நடுவுல மாத்துவான்" என்றான் மச்சினன். "மத்த பாட்டு?"

எட்டுப் பாட்டையும் வாசித்தார். எட்டிலும் அதே கூத்து. பாட்டு ஒழுங்காக முடியும். முடிந்தபின் ச, ரி.

"காதுல விழுந்தா எனக்குப் புரியாதும்மா. எழுதிக் குடுங்க."

அவர் திருட்டுப் பாட்டு எட்டையும் வரிசையாக எழுதிக் கொடுத்தார். மச்சினன் அந்தத் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மளிகைப் பட்டியல் படிக்கிறவன் மாதிரி விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. வீட்டு அம்மணி.

"சரி" என்றேன். "சரி. ... சரி, வாங்கிட்டு வரேன். ... சரி. ... அதுவும் சரி." போனை வைத்தேன்.

மச்சினன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பூனை பரணில் கத்தியபோதுகூட அவன் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சம் வரவில்லை.

"மாமா, இப்ப என்ன சொன்னீங்க?"

"சரின்னேன். உங்கக்காவைக் கட்டின நாள்லேர்ந்து அதான் சொல்றேன். வேற வார்த்தை மறந்து போச்சு."

அவன் தாளை டிசைனரம்மா முன்னால் வைத்து, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் விரலை ஊன்றினான். "இதைப் பாட்டு தெரிஞ்ச நீங்க படிச்சா ச, ரி. பாட்டுத் தெரியாத நான் படிச்சா என்ன?"

டிசைனரம்மா பார்த்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கி இன்னொரு முறை பார்த்தார்.

"சரி" என்றார் மெல்ல.

"அதேதான். பாட்டு எழுதின தாளுக்கு அடியில யாரோ 'சரி'ன்னு ஒப்புதல் எழுதியிருக்காங்க. திருடின ஆளு அதையும் பாட்டுன்னு நெனச்சு பெட்டிக்குள்ள ஏத்திட்டான். ஈயடிச்சான் காப்பி. உங்க நோட்டுல அது இருக்கா?"

அவர் தன் நோட்டைப் புரட்டிக் காட்டினார். இல்லை. நல்ல நகலாக எட்டுத் தாள், கூடவே பெட்டி எப்படி வேலை செய்யும் என்ற விளக்கம், இரண்டையும் மூன்று மாதத்துக்கு முன்னால் முதலாளியிடம் கொடுத்ததாகச் சொன்னார். தாள் திரும்பி வரவே இல்லை. 'ஆரம்பிங்க' என்று வாயால் சொன்னதோடு சரி.

"முதலாளி காகிதத்துல ஒப்புதல் எப்படிப் போடுவார்?"

டிசைனரம்மா இழுப்பறையிலிருந்து தன் பழைய லீவு லெட்டர் ஒன்றை எடுத்தார். அடியில் கறுப்பு மையில் இரண்டே எழுத்து. கீழே அடித்தள அறை ஒழுகுகிறது என்று அவர் எழுதிய புகாரை எடுத்தார். அதற்கும் சரி. "ஒழுகட்டும்னு அர்த்தம்னு ரொம்ப நாள் நெனச்சிட்டு இருந்தேன்" என்றார். அன்றைக்கு முதல் முறையாக அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது.

"பாட்டுத் தெரிஞ்சவன் எவனும் சுரத்துக்கு அடியில சரின்னு எழுத மாட்டான்" என்றான் மச்சினன். "டிக் போடுவான். அப்ப வெளிய போனது இந்தம்மா நோட்டு இல்ல. முதலாளி கையில இருந்த தாள்."

"மாப்ள, நில்லு" என்றேன். "அப்ப முதலாளியே தூக்கிக் குடுத்தாரா? எவனாச்சும் தன் வீட்டுக்குத் தானே கன்னம் வைப்பானா?"

"வைக்க மாட்டான். அதான் இடிக்குது." அவன் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தான். "மாமா, அவர் ரூம்ல எத்தனை கேடயம்?"

"பதினொண்ணு."

"எத்தனை ஆணி?"

"பன்னெண்டு."

அவன் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவன் யாரிடமோ பணிவாகத் தலையாட்டிப் பேசுவது தெரிந்தது. உதவியாளன் என்று பெயர், பேசுவது என்ன என்று சொல்லக்கூட ஆளில்லை. நான் குட்டிக் கச்சேரியின் முன்னால் உட்கார்ந்து முதல் பாட்டை அமுக்கினேன். என் தடிமனான விரலுக்கு மூன்றாவது கட்டையைக் கண்டுபிடிக்க நேரமாயிற்று. பெட்டி காத்திருந்தது. வீட்டில்கூட யாரும் எனக்காக அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை. கடைசியில் அது கைதட்டியபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. இதைச் செய்தவரையா வெளியே அனுப்பப் போகிறார்கள் என்று கோபம் கோபமாக வந்தது.

மச்சினன் திரும்பி வந்து ஒரு முழுப் பக்கம் எழுதினான். என்னிடம் காட்டவில்லை.

சரியாக ஐந்து மணிக்கு முதலாளியின் அக்கா வந்தார். வெள்ளை முடியை ஒட்ட வெட்டிய, ஒல்லியான அம்மா. கையில் மூக்குக் கண்ணாடிக் கூடு தவிர வேறொன்றும் இல்லை. ஆலையில் எல்லோரும் அவரைப் பெரிய மேடம் என்பார்கள். முதலாளி எழுந்து நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். டிசைனரம்மா கதவோரம் நின்றார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"ரிப்போர்ட் ரெடியா?" என்றார் முதலாளி. "ரெண்டு வரின்னேன், ஒரு பக்கம் எழுதியிருக்கீங்க. நல்லது, நல்லது."

"உங்க ஒப்புதல் போட்டுட்டா மேடம்கிட்ட குடுத்துடலாம் சார்" என்றான் மச்சினன். குரலில் பாலும் தேனும் வழிந்தது.

முதலாளி பேனாவைத் திறந்தார். அடியில் கிறுக்கினார். தேதியும் போட்டார். அக்காவிடம் நீட்டினார். "நான் சொன்னேன்ல அக்கா, வெளி ஆளும் அதையேதான் சொல்றாங்க."

பெரிய மேடம் கூட்டைத் திறந்து, கண்ணாடியை எடுத்துத் துடைத்து, மாட்டிக்கொண்டார். அந்த வீட்டில் படிக்கிற பழக்கத்தை அவர் ஒருவரே மொத்தமாக வாங்கிக்கொண்டு பிறந்துவிட்டார் போலிருக்கிறது. வரிக்கு வரி விரல் வைத்து, வாய்விட்டே படித்தார்.

"'பாட்டுத் தாள் எட்டும் விளக்கக் குறிப்பும் டிசைனர் மூலம் வெளியே போகவில்லை. அவற்றைப் பொம்மைத் தயாரிப்பாளர் சங்கத்தின் இந்த ஆண்டுக் கேடயப் போட்டிக்கு அனுப்பியவர் முதலாளி. விண்ணப்பத்தில், வடிவமைத்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதியிருக்கிறார். நடுவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் போட்டிக் கம்பெனியின் உரிமையாளர்.'"

அவர் விரல் பக்கத்தின் அடிக்கு வந்து நின்றது.

"கீழ சரின்னு நீயே எழுதியிருக்கே. தேதி வேற."

முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது ஒரு கேடயம் கொடுத்திருந்தால்கூட வேண்டாம் என்றிருப்பேன், பார்வை விலகிவிடுமே என்று.

"அக்கா, நான் படிக்கலை."

"தெரியும். படிச்சிருந்தா எழுதியிருக்க மாட்டே."

"பொய் அக்கா. இவங்க ரெண்டு பேரும் அந்தம்மாவோட சேர்ந்துட்டாங்க."

மச்சினன் டிசைனரம்மாவைப் பார்த்தான். அவர் வந்து திருட்டுப் பெட்டியை மேஜை நடுவில் இழுத்து, முதல் பாட்டை வாசித்தார். ம, க, ரி, ச. அப்புறம் ச, ரி. பெட்டி கைதட்டியது.

"பாட்டுத் தாள்ல நீங்க போட்ட ஒப்புதல் சார் அது" என்றான் மச்சினன். "எட்டுத் தாள்லயும் சரின்னு எழுதியிருக்கீங்க. அவங்க ஆளு அதையும் ரெண்டு சுரம்னு நெனச்சுப் போட்டுட்டான். தாள் இப்ப உங்க அலமாரியிலதான் இருக்கு. போன மாசமே பதிவுத் தபால்ல திருப்பி அனுப்பிட்டோம்னு சங்கத்து கிளார்க் சொன்னார். தாளுக்குப் பின்னாடி சங்க முத்திரை இருக்கும். தெறந்து பார்த்துடலாமா?"

அலமாரிச் சாவி முதலாளியின் சட்டைப் பையில் இருந்தது. கை அங்கே போய், அதைப் பொத்திக்கொண்டது. வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"அப்ப திருடன் அவன்தானே!" என்று கத்தினார். "நடுவரா உக்காந்துக்கிட்டு என் பொம்மையத் திருடிட்டான்."

"ஆமா சார். அவன் உங்ககிட்டேர்ந்து எடுத்தான்" என்றான் மச்சினன். "நீங்க யார்கிட்டேர்ந்து எடுத்தீங்க?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். ஒன்பது நாளாக இந்த மனிதருக்கு அந்த அவஸ்தை. போட்டிக்காரனைப் பிடித்து உலுக்கினால் தாள் அவன் கைக்கு எப்படிப் போனது என்ற கேள்வி வரும். அதனால் கொட்டிய இடத்தை விட்டுவிட்டு, கதவோரம் நின்ற அம்மாவைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்.

"கேடயம் யாருக்குக் குடுத்தாங்க?" என்று கேட்டார் பெரிய மேடம்.

முதலாளி தரையைப் பார்த்தார். "அந்த நடுவரோட மச்சானுக்கு. பம்பரத்துக்கு."

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை.

"உங்களைப் போய்க் கூப்பிட்டேனே" என்றார் முதலாளி என்னைப் பார்த்து, உண்மையான வேதனையோடு. "நீங்க ஒண்ணையும் கண்டுபிடிக்க மாட்டீங்கன்னு நாலு பேரும் சொன்னாங்களே."

நன்றாக விசாரித்தேன் என்று அவர் காலையில் சொன்னது பொய்யில்லை. இதுவரை எங்கள் தொழிலுக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் இதுதான்.

பெரிய மேடம் திருட்டுப் பெட்டியின் கட்டைகளை மெல்லத் தடவினார். "இதை எத்தனை பிள்ளைங்க வாங்கியிருக்கும்? அத்தனையும் தினம் உன் கையெழுத்தை வாசிச்சுக்கிட்டு இருக்குதுங்க." பிறகு தம்பியின் முழங்கைக்கு அடியில் கிடந்த அச்சு மாதிரியை உருவித் திருப்பினார். குட்டிக் கச்சேரியின் பெட்டி அட்டை. முதுகுப் பக்கம் முதலாளியின் புன்னகைப் படம். கீழே, 'உருவாக்கியவர்' என்று கொட்டை எழுத்து.

டிசைனரம்மா அதை இப்போதுதான் பார்க்கிறார் என்பது அவர் நின்ற விதத்தில் தெரிந்தது. அழுவார் என்று நினைத்தேன். மேஜையிலிருந்த வேலைநீக்க உத்தரவை எடுத்து நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அது எதுக்கும்மா?" என்றார் பெரிய மேடம்.

"இருக்கட்டும் மேடம். இந்தக் கம்பெனியில எதை எழுதிக் குடுத்தாலும் காணாமப் போகுது."

பெரிய மேடம் அவர் பக்கம் திரும்பினார். பிறகு, "நாளைக்கு வேலைக்கு வருவியா?" என்று கேட்டார். அந்தக் குரலில் அதிகாரம் இல்லை.

"உருவாக்கினது யாருன்னு பெட்டியில இருக்கணும். அதுவும் அச்சுல வந்தப்புறம் வரேன்."

பெரிய மேடம் பேனாவை எடுத்தார். தம்பியின் படத்தின் குறுக்கே, காது முதல் காது வரை, ஒரு கோடு இழுத்தார். அடியில் இருந்த பெயரை அடித்து டிசைனரம்மாவின் பெயரை முழுசாக, தலைப்பெழுத்தோடு எழுதினார். அட்டையைத் தம்பி பக்கம் தள்ளினார். "ஒப்புதல் போடு."

முதலாளி அதை எடுத்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு காகிதத்தை மேலிருந்து கீழ்வரை, உதடு அசைய, எழுத்துக் கூட்டிப் படித்தார். 'மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு' என்பதைக்கூட விடவில்லை. திருப்பிப் போட்டு முன்பக்கமும் படித்தார். பேனா அட்டைக்கு மேல் இங்கும் அங்கும் அலைந்தது. கடைசியில் டிசைனரம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க எழுதட்டும்?"

"எங்க வேணும்னாலும் எழுதுங்க சார்" என்றார் அவர். "இதுல பாட்டு இல்ல."